இன்ட்ராநெட் திறந்தாயிற்று, இனி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் இன்ட்ராநெட் (ஊழியர்களுக்கு மட்டுமான உள் இணையதளம்) தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. எல்லாத் தகவலும் அதில் இருக்கிறது. ஆனாலும் "பே ஸ்லிப் எங்கே இருக்கு?", "லீவ் ஃபார்ம் அனுப்புங்க" என்று ஹெச்.ஆருக்குத் தினமும் போன் வருகிறது. தேடினால் கிடைக்கவில்லை என்கிறார்கள். மென்பொருளையே மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் தேடல் பதிவைத் திறந்து பாருங்கள். ஊழியர்கள் தேடல் பெட்டியில் என்ன அடித்தார்கள், எத்தனை முடிவுகள் வந்தன என்பதைப் பெரும்பாலான இன்ட்ராநெட் மென்பொருள்கள் பதிந்து வைக்கின்றன. கடந்த 30 நாள் பதிவை அட்மினிடம் எக்ஸெல் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து, அதிகம் தேடப்பட்ட 50 சொற்களைத் தனியாகவும், ஒரு முடிவும் வராத சொற்களைத் தனியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் நீங்களே அடித்துப் பாருங்கள். அட்மின் லாகினில் பார்க்காதீர்கள். அதில் எல்லாமே தெரியும். சாதாரண ஊழியரின் லாகினில் பார்த்தால்தான் உண்மை நிலவரம் புரியும். உரிய பக்கம் முதல் மூன்று முடிவுகளுக்குள் வராவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பட்டியல்தான் பொக்கிஷம். பே ஸ்லிப் பக்கத்துக்கு "மாதாந்திர ஊதிய விவர அறிக்கை" என்று யாரோ தலைப்பு வைத்திருப்பார்கள். 'பே ஸ்லிப்' என்ற சொல் அந்தப் பக்கத்தில் மருந்துக்கும் இருக்காது. தேடுகிறவர் 'பே ஸ்லிப்', 'சேலரி ஸ்லிப்', 'சம்பளச் சீட்டு' என்று மூன்று விதமாக அடித்துப் பார்த்து, நான்காவதாகப் போனை எடுக்கிறார். தலைப்பில் ஊழியர்கள் சொல்லும் சொல்லையே வையுங்கள். அதிகாரப்பூர்வமான பெயர் முதல் வரியில் வந்தால் போதும். மற்ற பெயர்களையும் வழக்கமான எழுத்துப்பிழைகளையும் தேடல் அமைப்பில் ஒத்த சொற்களாகச் சேருங்கள். அதிகம் தேடப்படும் முதல் பத்துச் சொற்களுக்கு மட்டும், சரியான பக்கம் எப்போதும் மேலே நிற்கும்படி கையாலேயே பொருத்திவிடுங்கள்.

இதற்குப் பிறகும் கிடைக்கவில்லை என்றால், இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப். அது வெறும் படம். எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள்) வழியாகச் செலுத்தாதவரை உள்ளே இருக்கும் சொற்கள் தேடலுக்குத் தெரியாது. இன்னொன்று, நகல்கள். "லீவ் பாலிசி ஃபைனல்", "லீவ் பாலிசி ஃபைனல் 2", "லீவ் பாலிசி புதியது" என மூன்றும் அருகருகே வந்து நின்றால், எதை நம்புவது என்று தெரியாமல் ஊழியர் போன் செய்யத்தான் செய்வார். நடப்பில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, பழையவற்றைத் தேடலில் வராத காப்பக ஃபோல்டருக்கு மாற்றுங்கள்.

ஹெச்.ஆரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: கேட்டவருக்கு ஃபைலை மெயிலில் இணைத்து அனுப்ப வேண்டாம், பக்கத்தின் லிங்க்கை அனுப்பட்டும். இணைத்து அனுப்பும் ஒவ்வொரு ஃபைலும் இன்னொரு நகல். அடுத்த வருடம் பாலிசி மாறிய பிறகும் யாரோ ஒருவருடைய மெயில் பெட்டியில் அது உயிரோடு இருக்கும்.

கேள்வி: பக்கங்களைப் புதுப்பிக்கச் சொல்லி எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினோம். யாரும் கண்டுகொள்ளவில்லை. பாதிப் பக்கங்களைப் போட்டவர்கள் வேலையை விட்டே போய்விட்டார்கள். என்ன செய்வது?

பதில்: "பொறுப்பு: ஹெச்.ஆர். துறை" என்று எழுதினால் யாருக்கும் பொறுப்பில்லை என்றே அர்த்தம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு ஆளின் பெயர், அவர் இல்லாதபோது பார்ப்பவரின் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி ஆகிய மூன்றும் இருக்கட்டும். கடைசியாகத் திருத்திய தேதி வேறு, சரிபார்த்த தேதி வேறு. ஒரு காற்புள்ளியை நீக்கினாலும் திருத்திய தேதி இன்றைக்கு மாறிவிடும். உள்ளே இருக்கும் தகவல் மூன்று வருடம் பழையதாக இருக்கலாம். ஆகவே சரிபார்த்த தேதிக்குத் தனி இடம் ஒதுக்குங்கள்.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே கெடு வைக்காதீர்கள். அவசரத் தொடர்பு எண்களை 3 மாதத்துக்கு ஒருமுறை, படிவங்களை 6 மாதத்துக்கு ஒருமுறை, பாலிசிகளை 12 மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். செய்திகள் 30 நாளில் முகப்பிலிருந்து தானாக இறங்கிவிடட்டும். கெடுவுக்கு 14 நாள் முன்பு பொறுப்பாளருக்கு ஒரு நினைவூட்டல், அன்றைக்கு இன்னொன்று. அதற்கும் அசையாவிட்டால், "இந்தப் பக்கம் சரிபார்க்கப்படவில்லை" என்ற மஞ்சள் பட்டை பக்கத்தின் மேலேயே தெரியட்டும். பத்து சுற்றறிக்கை செய்யாததை இந்தப் பட்டை செய்யும். தன் பெயருக்கு மேலே அது நிற்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். தானாக அழிக்கும்படி மட்டும் அமைக்காதீர்கள். சில ஆவணங்களைச் சட்டப்படி வைத்திருக்க வேண்டியிருக்கும்.

ஒருவரிடம் 20 பக்கங்களுக்கு மேல் கொடுத்தால், படிக்காமலே 'சரிபார்த்தேன்' பட்டனை அழுத்துவார். வேலையை விட்டுப் போகிறவர் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்கும் படிவத்திலேயே, "என் பொறுப்பில் உள்ள பக்கங்கள், அடுத்த பொறுப்பாளர்" என்று ஒரு வரி சேருங்கள். கணக்கை முடக்குவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். முடக்கிய பிறகு நினைவூட்டல் மெயில்கள் படிக்க ஆளில்லாத பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: சம்பள உயர்வுப் பட்டியல் ஒன்று எல்லோருடைய தேடலிலும் வந்துவிட்டது! தேடல் வசதியை நிறுத்திவிட்டோம். சரிதானே?

பதில்: தேடல் காட்டிக் கொடுத்ததே தவிர, கதவு முன்பே திறந்துதான் இருந்தது. தேடலை நிறுத்தினாலும் லிங்க் கையில் உள்ளவர் ஃபைலைத் திறக்க முடியும். உடனே அந்த ஃபைலுக்கான அனுமதியைச் சுருக்குங்கள். அழிக்காதீர்கள், யார் யார் திறந்தார்கள் என்ற பதிவை முதலில் எடுத்து, தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

இப்படி நடப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். பொது ஃபோல்டருக்குள் போட்ட ஃபைல், அந்த ஃபோல்டரின் அனுமதியையே எடுத்துக்கொள்ளும். அல்லது, அவசரத்தில் ஒருவருக்கு அனுப்பும்போது "நிறுவனத்தில் உள்ள அனைவரும்" என்ற வகை லிங்க் உருவாகியிருக்கும். அனுமதியைத் தனி ஆளுக்கோ தனி ஃபைலுக்கோ கொடுக்காமல், குழுவுக்கும் ஃபோல்டருக்கும் கொடுங்கள். ரகசியமானவற்றுக்குத் தனித் தளமே வைத்துவிடுவது இன்னும் நல்லது.

எந்தச் சிறப்பு அனுமதியும் இல்லாத ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி, மாதம் ஒருமுறை 'சம்பளம்', 'அப்ரைசல்', 'பாஸ்வேர்ட்', 'ரகசியம்' என்று தேடிப் பாருங்கள். இன்ட்ராநெட்டில் ஏஐ உதவியாளரைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கேட்பவரின் அனுமதிக்குள் இருப்பதை எல்லாம் எடுத்து அது பதில் சொல்லிவிடும்.

கேள்வி: மெனுவை ஒழுங்குபடுத்தினோம். இப்போது பழைய புக்மார்க் எதுவும் வேலை செய்யவில்லை என்று புகார்.

பதில்: பக்கத்தின் முகவரி மாறியிருக்கும். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 வகைத் திருப்புதலை (பழையதைத் திறப்பவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் நிரந்தர ஏற்பாடு) போடுங்கள். குறைந்தது ஒரு வருடம் இருக்கட்டும். சர்வர் பதிவில் எந்த முகவரிகளுக்கு அதிகமாக 404 ('பக்கம் இல்லை' என்ற பிழை) வருகிறதோ, அவற்றிலிருந்து தொடங்குங்கள். தவறுதலாக அழித்த பக்கம் என்றால், மைக்ரோசாஃப்டின் இன்ட்ராநெட் மென்பொருளான ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் 93 நாள் வரை மறுசுழற்சித் தொட்டியிலிருந்து மீட்கலாம்.

கேள்வி: ஒரு நாள் காலை எல்லோருக்கும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று வந்தது. சான்றிதழ் காலாவதி என்றார்கள். மறுபடி வராமலிருக்க?

பதில்: காலண்டரில் குறித்துவைக்கும் காலம் போய்விட்டது. பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் தரும் டிஎல்எஸ் சான்றிதழின் (தளம் உண்மையானது, இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டுவது) அதிகபட்ச ஆயுள் முன்பு 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் வெறும் 47. தானியங்கிப் புதுப்பித்தலை இப்போதே அமையுங்கள். காலாவதிக்கு 15 நாள் இருக்கும்போது எச்சரிக்கை வரட்டும். அது ஒருவருக்குப் போகாமல் ஒரு குழு முகவரிக்குப் போகட்டும்.

கேள்வி: நிர்வாகம் மாதந்தோறும் எத்தனை 'ஹிட்ஸ்' என்று கேட்கிறது. அதைக் கொடுத்தால் போதுமா?

பதில்: பிரவுசரைத் திறந்ததும் இன்ட்ராநெட் முகப்பு தானாக வரும்படி வைத்திருந்தால், அந்த எண் பிரவுசர் எத்தனை முறை திறந்தது என்பதைத்தான் சொல்லும். அதற்குப் பதிலாக மூன்று எண்களைக் கொடுங்கள்: முடிவே வராத தேடல்கள் எத்தனை சதவீதம், கெடு தாண்டிய பக்கங்கள் எத்தனை, ஹெச்.ஆருக்கும் ஐ.டி. உதவி மையத்துக்கும் வந்த அழைப்புகளில் பதில் ஏற்கெனவே இன்ட்ராநெட்டில் இருந்தவை எத்தனை. மூன்றாவதை எண்ண, அழைப்பை எடுப்பவர் இரண்டு வாரம் ஒரு தாளில் கோடு போட்டு வந்தாலே போதும்.