புகையிலை இல்லாமல் வெறும் வெற்றிலை பாக்கு போட்டாலும் வாய்க்குக் கெடுதலா?

உங்கள் பாட்டி எழுபது வயதிலும் வெற்றிலை பாக்கு போடுகிறார், புகையிலையைத் தொடுவதில்லை, அப்படியிருந்தும் பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படத்தான் வேண்டும். ஆனால் வெற்றிலை அப்பாவி, அதைக் குறை சொல்லாதீர்கள். வில்லன் பாக்கு.

எங்களுக்கு வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் பக்கம். தறி, பீடி, தீப்பெட்டி என்று உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற வேலைகள். கை ஓயாது, வாய் சும்மா இருக்கும். அதனால் வாயில் எப்போதும் ஏதாவது ஒன்று ஊறிக்கொண்டிருக்கும். என் பெரியப்பா லுங்கித் தறி நெய்தவர். புகையிலை போடமாட்டார், அதில் அவருக்குப் பெருமை வேறு. "நான் போடறது வெறும் சீவல்தானே" என்பார். தூக்கம் வராமல் இருக்க அது வேண்டும் அவருக்கு.

முதலில் அவருக்குக் காரம் ஆகாமல் போனது. ரசம் எரிகிறது என்று பெரியம்மாவோடு தினமும் சண்டை. உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை வைத்துக் கொடுத்தார்கள். அப்புறம் வடையைக் கடிக்க முடியாமல் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ள ஆரம்பித்தார். பல் டாக்டர் செய்த முதல் காரியம், மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வாய்க்குள் விடச் சொன்னதுதான். ஒரு விரல் போனது, இரண்டாவது பாதியில் நின்றது. கன்னத்தின் உட்பக்கம் மெத்தென்று இருக்க வேண்டிய இடம் வெளுத்து, கயிறு இழுத்துக் கட்டியதுபோல் விறைத்துக் கிடந்தது.

இதற்கு சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். பாக்கில் அரிகோலின் என்ற ரசாயனம் இருக்கிறது. புதிதாகப் போடுபவருக்கு மாரடைத்து வியர்த்துக் கொட்டுகிறதே, பழகியவருக்கு அது இல்லாமல் கை நடுங்குகிறதே, எல்லாம் அதன் வேலைதான். அதே அரிகோலின் வாயின் உள்தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற நார்ப்பொருளை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது. நார் சேரச் சேரத் தோல் இறுகி, வாய் திறப்பது குறையும். பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவது நிற்கலாம், ஆனால் இறுகியது பழையபடி இளகாது. பெரியப்பாவுக்கும் வாய்ப் பயிற்சிக்குப் பிறகு ஓரளவுதான் திறந்தது. இந்த நிலையிலிருந்து புற்றுநோய்க்குப் போகிறவர்களும் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985-இல் புகையிலை சேர்த்த தாம்பூலத்தைத்தான் புற்றுநோய்க் காரணி என்றது. 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் புகையிலை இல்லாத தாம்பூலத்தையும், பாக்கைத் தனியாகவும் அதே பட்டியலில் வைத்துவிட்டது. 'வெறும் பாக்குதானே' என்கிற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். நம் ஊரில் முடியவில்லை.

அதற்காகப் புகையிலை தேவலை என்று அர்த்தமில்லை. என் ஆயா புகையிலைக் கட்டையைக் கடைவாய்ப் பக்கம் அடக்கிக்கொண்டே தூங்கிவிடுவார். சரியாக அந்த இடத்தில்தான் வெள்ளைத் திட்டு வந்தது. துடைத்தால் போகாத திட்டு. சுண்ணாம்பும் லேசுப்பட்டதல்ல. கொஞ்சம் கூடினால் வாய் வெந்துவிடும், வெந்த தோலில் மற்றதெல்லாம் சுலபமாக இறங்கும். பல்லில் காவி, ஈறு இறங்கிப்போவது, பல் தேய்வது இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் அதையே பேசுகிறோம். உண்மையில் சின்ன விஷயம்.

எனக்குப் பாட்டிகளைவிடப் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் தேங்காயோடு வாசனைப் பாக்குப் பொட்டலம் ஒன்று வருகிறது. பையைத் திறந்ததும் பிள்ளைகள் முதலில் எடுப்பது அதைத்தான், இனிப்பாக இருக்கிறதே. வெற்றிலையில் மடித்துப் போடும்போது பாதி வாய் இலைதான். பொட்டலத்தில் இலையே கிடையாது, பெரும்பாலும் உலர்ந்த பாக்குத்தூள்தான். பொட்டலப் பாக்கு, பான் மசாலா, மாவா (பாக்கோடு புகையிலையும் சுண்ணாம்பும் கலந்தது) என்று போடுகிறவர்களுக்குப் பழைய தாம்பூலக்காரர்களைவிடச் சீக்கிரமாகவே வாய் இறுகுகிறது.

பாட்டியிடம் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டார். பாக்கை மட்டும் எடுத்துவிட்டு, வெற்றிலையில் சோம்பு, ஏலக்காய் வைத்து மடித்துக் கொடுத்துப் பாருங்கள். முதல் வாரம் திட்டு வாங்குவீர்கள். அதற்கு முன்னால் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள்: கன்னம், நாக்கின் ஓரம், உதட்டின் உட்பக்கம். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரல் நுழையாத வாய், இதில் ஒன்று இருந்தாலும் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ பக்கத்துப் பல் டாக்டரிடமோ கூட்டிப்போங்கள். சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றால், "கத்தி பட்டா பரவிடும்" என்று சொந்தக்காரர்கள் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அப்படியெல்லாம் பரவாது. கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே அனுப்புங்கள்.