எடைமேடையில் விழும் பேனா எண்: வாசகர் கேள்விகள்

காவேரிப்பட்டணம் வாசகர்: எங்கள் மாங்கூழ் ஆலைக்குப் புதிய கொள்முதல் மென்பொருள் வருகிறது. அதற்கான படத்தில் சர்வர், டேட்டாபேஸ், டேலி எல்லாம் வரைந்துவிட்டேன். "ப்ராஜெக்ட்டின் சூழல் எங்கே?" என்கிறார் ஆலோசகர். இன்னும் என்ன வேண்டும் சார்?

ஆட்கள் வேண்டும். சீசனில் ஒரு காலை எடைமேடைப் பக்கம் போய் நில்லுங்கள். நான் பார்த்த ஓர் ஆலையில் லாரி ஏறும், எடை விழும், சீட்டு அச்சாகி வரும். அதே சீட்டில் மேற்பார்வையாளர் பேனாவால் 'கழிவு' என்று, எடையில் கழிக்க வேண்டிய ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவார். விவசாயி கைக்கு எவ்வளவு பணம் வரும் என்பது அந்தப் பேனா எண்ணில்தான் இருக்கிறது. ஆனால் அது எந்தக் கணினியிலும் இல்லை!

ஒரு நிறுவனத்தின் வேலைகளையும் கணினிகளையும் ஒரே படமாக வரையும் முறைக்கு ஆர்க்கிமேட் என்று பெயர். அதில் மேலே வணிக அடுக்கு (ஆட்கள், வேலைகள்), நடுவில் செயலி அடுக்கு (மென்பொருள்கள்), கீழே தொழில்நுட்ப அடுக்கு (சர்வர் போன்றவை). நீங்கள் கீழ் இரண்டோடு நின்றுவிட்டீர்கள். 'கழிவு நிர்ணயம்' என்ற வேலையை மேலடுக்கில் போடுங்கள். அதைச் செய்பவரின் பெயரை எழுத வேண்டாம், பொறுப்பை எழுதுங்கள்; மே மாதம் ஒருவர் இருப்பார், ஜூலையில் வேறொருவர். அப்புறம் அந்த எண் புதிய மென்பொருளில் எந்த இடத்தில் பதிவாகும் என்று கோடு இழுங்கள். இழுக்க இடமில்லையென்றால், மென்பொருளில் விட்டுப்போனது என்னவென்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஓசூர் வாசகர்: உதிரிபாகத் தொழிற்சாலை எங்களுடையது. வாடிக்கையாளர் கம்பெனியின் போர்ட்டலையும் வரைய வேண்டுமா?

கட்டாயம். நீங்கள் மாற்ற முடிவது எல்லைக்கு உள்ளே. மாற்ற முடியாது, ஆனால் அனுசரித்துப் போக வேண்டும் என்பது வெளியே. இரண்டுமே படத்தில் இருக்கட்டும். மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் (அரசு இணையதளத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும். அந்த அரசுத் தளம் வெளிப்பெட்டி. வெளியே போகும் ஒவ்வொரு கோட்டின் மேலும், அது அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வையுங்கள். இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கு அதுதான் தேவை.

தருமபுரி மாணவி: இந்தப் படம் வரைய மென்பொருள் கருவி விலைக்கு வாங்க வேண்டுமா?

வேண்டாம் அம்மா. ஆர்க்கிமேட் படம் வரையும் 'ஆர்க்கி' என்ற மென்பொருள் இலவசம். ஆனால் முதல் வரைவைத் தாளில் போட்டு, வேலை செய்பவரிடமே காட்டு. "இப்படி இல்லைங்க" என்று அவர் பென்சிலை வாங்கித் திருத்தினால் படம் சரியான பாதையில் போகிறது.

பாலக்கோடு வாசகர்: இன்றைய நிலை, நாளைய நிலை என்று இரண்டு படம் போதுமா?

நடுவில் ஒன்று வேண்டும். ஆர்க்கிமேட்டில் இப்படி ஒவ்வொரு நிலையையும் 'பிளாட்டோ' (plateau) என்பார்கள். இரண்டு நிலைகளுக்கு இடையிலான வித்தியாசம் 'கேப்' (gap). சீட்டுப் புத்தகமும் மென்பொருளும் சேர்ந்தே ஓடும் முதல் சீசனும் தனி நிலைதான். அந்த நாட்களில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று மாலையில் யார் சரிபார்ப்பார்? அந்தப் பொறுப்புக்கு ஒரு பெட்டி போடுங்கள். ப்ராஜெக்ட் முடிந்ததும் அதை எடுத்துவிடலாம்.