ரிம்ஃபயர் வேட்டைத் துப்பாக்கி: விலையா, அழகா, குறியா?

தோட்டாவின் அடிவிளிம்புக்குள் பற்றுமருந்து இருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கியதும் வெடிக்கும். இதுதான் ரிம்ஃபயர். வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் முயலுக்கும் அணிலுக்கும் பலர் 0.22 அங்குல ரிம்ஃபயரை எடுத்துப் போகிறார்கள்.

வாங்கும்போது குறிக்கே முதலிடம். அணிலின் தலை எலுமிச்சையைவிடச் சிறியது. ஓர் அங்குலம் விலகினால் அது காயத்தோடு ஓடிப் புதரில் துடித்துச் சாகும். அந்தக் கொடுமையை எந்த வேலைப்பாடும் ஈடுசெய்யாது.

குறியைத் தீர்மானிப்பவை குழல், சுட இழுக்கும் விசை, தோட்டா. 50 மீட்டரில் தாள் வைத்து, வகைக்கு ஐந்து தோட்டா சுட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வகையின் துளைகள் நாணய அளவுக்குள் அடங்கும். அதே குழலில் இன்னொன்று தீப்பெட்டி அகலத்துக்குச் சிதறும். கூடுதல் விலை ஓரளவு வரை குழலுக்கும் விசைக்கும் போகிறது. அதற்குமேல் பெரும்பாலும் மரத்துக்கும் மெருகுக்கும்தான்.

பத்தமடையில் பாய் வாங்குபவர் சாயக்கரையை ரசித்தாலும், கோரையின் மென்மையையும் நெருக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே பணத்தை எடுப்பார்.

'சின்னத் தோட்டாதானே, நம் ஊரில் முயல் சுடலாம்' என்று நினைப்பது தவறு: களக்காட்டுக் காடானாலும் சொந்த வயலானாலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம்.