வாசகர் கேள்வி பதில்: நொய்யல் கிணறுகளும் ஐந்து துறை மாணவர்களும்

கேள்வி: வேதியியல், புவியியல், தாவரவியல், பொருளியல், சமூகவியல் ஆகிய துறைகளில் முதுகலை பயிலும் நாங்கள் ஐவர், திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் கரைக் கிணறுகளுக்கு நேர்ந்ததைக் குழுவாக ஆராய்கிறோம். ஆளுக்கோர் இயல் எழுதிக் கொடுத்தோம். 'இது ஐந்து கட்டுரைகளின் தொகுப்பு, ஓர் ஆய்வு அல்ல' என்று நெறியாளர் திருப்பிவிட்டார். என்ன செய்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: நெறியாளர் சொன்னது சரியே. ஆனால் கோளாறு எழுத்தில் இல்லை. நீங்கள் களத்துக்குப் போகும் முன்பே நேர்ந்திருக்க வேண்டும். வேதியியல் மாணவர் ஆற்றிலிருந்து உள்ள தொலைவைப் பார்த்துக் கிணறுகளையும், பொருளியல் மாணவர் ஏதோ ஒரு பட்டியலை வைத்து வீடுகளையும் தேர்ந்தெடுத்திருந்தால், நீரின் உப்பையும் குடும்பத்தின் வருமான இழப்பையும் எந்தப் புள்ளியியல் முறையாலும் இணைக்க முடியாது. ஐவருக்கும் பொதுவான அலகு ஒன்று வேண்டும். உங்களுக்கு அது கிணறுதான். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் எண் இட்டு, நீர் மாதிரிப் பாட்டிலிலும் (ஈரத்தில் அழியாத மையால்), வரைபடத்திலும், அந்தக் கிணறு பாயும் வயலின் பயிர்க் குறிப்பிலும், உரிமையாளரின் நேர்காணல் தாளிலும் அதே எண்ணை எழுதுங்கள்.

எதை அளப்பது என்பதையும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். பருத்தியில் சாயம் பிடிக்கச் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ பெருமளவில் சேர்க்கப்படுவதால் சோடியம், குளோரைடு, சல்பேட் மூன்றும் சாயப்பட்டறையைச் சுட்டும். நைட்ரேட் மிகுந்திருந்தால் உரத்தையோ சாக்கடையையோ ஐயுற வேண்டும். உழவரிடம் உரக் கணக்கைக் கேட்கும் பொருளியல் மாணவர் இல்லாமல் வேதியியல் மாணவர் இதைப் பிரித்தறிய இயலாது. களத்தில் மின்கடத்துதிறன் மானி போதும். அது காட்டும் மைக்ரோசீமென்ஸ் அளவை 0.64-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்பது தோராயமாகத் தெரியும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 500. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை.

மாணவர் ஆய்வுகளில் நான் அதிகம் காணும் குறை வேறொன்று. மிகவும் கெட்டுப்போன கிணற்றை உழவர் கைவிட்டிருப்பார். மோட்டார் கழற்றிய கிணற்றில் யாரும் மாதிரி எடுப்பதில்லை. ஓடும் கிணறுகளை மட்டும் அளந்துவிட்டுப் பாதிப்பு மிதமானது என்று எழுதுவது பிழையாகும். கைவிட்டவற்றைத் தேடிப் பட்டியலில் சேர்ப்பது சமூகவியல் மாணவரின் பொறுப்பு. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் இடம் காட்டுவார்கள். ஆண்டு நினைவில்லாதவரிடம், 'ஒரத்துப்பாளையம் அணை கட்டுவதற்கு முன்பா, பின்பா?' என்று கேளுங்கள். சாயக்கழிவு தேங்கிப் பாசனத்துக்கு உதவாமற்போன அந்த அணையை அங்கே யாரும் மறக்கவில்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதன் விளைவை அளக்க நினைத்தால், மழையைக் கணக்கில் கொள்ளாமல் தொடங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்காவிட்டால், மழையால் நீர்த்துக் குறைந்த உப்பைத் தீர்ப்பு குறைத்ததாக எழுதிவிடுவீர்கள். ஒப்பீட்டுக்குத் திருப்பூருக்கு மேற்கே கிணறுகள் எடுக்கலாம்; அங்கும் கோவையின் சாக்கடை ஆற்றில் கலப்பதால் அவை முற்றிலும் தூய்மையானவை அல்ல.

கேள்வி: களப்பணியை ஆளுக்கொரு நாளாகப் பிரித்துக்கொள்ளலாமா?
– வாசகர், கரூர்

பதில்: முதல் சுற்றில் வேண்டாம். 'ஆடியில ஆத்துல தண்ணி வந்தா உப்பு குறையும்' என்று உழவர் சொல்வதை, மானியைக் கையில் வைத்திருப்பவரும் கேட்க வேண்டும். அடுத்த சுற்று முதல் இருவர் இருவராக, வெவ்வேறு துறையினராகச் செல்லலாம்.