அந்தத் தம்பிக்கு என்ன வயது?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 26. இரண்டு வருடமாகச் சிறுகதை எழுதிப் பார்க்கிறேன். கரு, களம், பாத்திரம், மோதல், உச்சம், பார்வைக் கோணம் என்று புனைவின் கூறுகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஒன்றுவிடாமல் வரும்படி ஒரு கதை எழுதினேன். காதலித்தவனோடு ஊரைவிட்டுப் போகும் பெண்ணின் கதை. படித்த தோழி, "எல்லாம் இருக்கு, ஆனா பேப்பர் செய்தி மாதிரி இருக்கு" என்றாள். கதையை இணைத்திருக்கிறேன். இந்தக் கூறுகளில் எதை முதலில் கற்க வேண்டும்? எப்படி?

அன்புடன்
க.

அன்புள்ள க.,

கதையை இரண்டு முறை படித்தேன். உங்கள் தோழி சொன்னது சரி. முதல் பத்தியில் அம்மாவின் மனதுக்குள் இருக்கிறோம். அடுத்து பெண்ணின் மனம், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர், அப்புறம் போலீஸ்காரர். எல்லோர் நினைப்பும் தெரிந்துவிடுகிறது, ஆனால் ஒருவரோடும் கூட இருக்க முடியவில்லை. அதனால் முதலில் பார்வைக் கோணத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். யார் பார்க்கிறார்கள் என்று முடிவானால் மற்றவற்றில் பாதி தானாக முடிவாகிவிடும்.

இதைக் கற்க நம் கையிலேயே நல்ல பாடம் இருக்கிறது. உங்கள் கதைக்குச் சங்க இலக்கியத்தில் ஒரு பெயர் உண்டு: உடன்போக்கு. காதலைப் பாடும் அகப்பாடல்களில் புலவர் தன் குரலில் கதை சொல்வதில்லை. தலைவி, தோழி, செவிலி, வழியில் கண்டோர் என்று யாரோ ஒருவர் பேசுவார். அதைத்தான் 'கூற்று' என்கிறோம். பள்ளியில் இதை மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

குறுந்தொகையின் 7ஆம் பாடலை எடுங்கள். பெரும்பதுமனார் பாடியது, கண்டோர் கூற்று. பாலை வழியில் ஒரு ஆணும் பெண்ணும் போகிறார்கள். எதிரே வருபவர்களுக்கு அவர்கள் யாரென்று தெரியாது. பார்ப்பவர்களின் கண் அந்த இருவரின் காலுக்குப் போகிறது. "வில்லோன் காலன கழலே, தொடியோள் மெல்லடி மேலவும் சிலம்பே." அவன் காலில் வீரர்கள் அணியும் கழல், அவள் காலில் இன்னும் சிலம்பு. திருமணத்துக்கு முன் சிலம்பைக் கழற்றும் சடங்கு அன்று உண்டு. சிலம்பு இருக்கிறது என்றால் திருமணம் ஆகவில்லை, வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கிறார்கள். முழுக்கதையும் அந்தச் சிலம்பில் தெரிந்துவிடுகிறது. காற்றில் வாகையின் காய்ந்த நெற்று, கழைக்கூத்தாடிகளின் பறைபோல ஒலிக்கிறது. ஊரும் காலமும் அந்த ஓசையிலேயே வந்துவிடுகின்றன. களம் என்று நீங்கள் குறிப்பேட்டில் எழுதியது இதுதான். உங்கள் கதையில் அது தனியாக ஒரு வர்ணனைப் பத்தியாக நிற்கிறது. இங்கே வழிப்போக்கர்களின் காதில் விழுகிறது.

இப்போது அதே தொகையின் 44ஆம் பாடல். வெள்ளிவீதியார் பாடியது. அதே உடன்போக்கு, ஆனால் பேசுவது வளர்த்த செவிலித்தாய். தேடி நடந்து கால் தளர்ந்துவிட்டது. பார்த்துப் பார்த்துக் கண் ஒளி இழந்துவிட்டது. எதிரே வருகிறவர்கள் எல்லாம் வேறு யாரோ. வானத்து மீன்களைவிட இந்த உலகத்தில் பிறர்தான் அதிகம் என்கிறாள். இங்கே சிலம்பும் இல்லை, வாகையும் இல்லை. அவள் தேடும் இருவரைத் தவிர வேறு எதையும் அவள் கண் வாங்காது. அவள் குணம் என்ன, துயரம் எவ்வளவு என்று பாடல் தனியாகச் சொல்லவில்லை. எதைப் பார்க்கிறாள், எதைப் பார்க்க மறுக்கிறாள் என்பதிலேயே அவள் யாரென்று தெரிகிறது. பாத்திரம் என்பது அதுதான்.

இரண்டும் சின்னப் பாடல்கள். ஒரு வாரம் இவற்றையே திரும்பத் திரும்பப் படியுங்கள்.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' இதற்கு அடுத்து. மனைவி இறந்துகிடக்கிறாள், பக்கத்தில் கணவர் தனியாக இருக்கிறார். அவர் கண்ணில் படுவது அவள் உதட்டில் உட்காரும் ஈ. அதை ஓட்டுகிறார், பிறகு விசிறி எடுத்து வீசுகிறார். செவிலியின் பாட்டைப் படித்த கையோடு இதைப் படித்தால் நான் சொல்வது புரியும்.

மோதல், உச்சம் பற்றி இப்போதைக்கு யோசிக்காதீர்கள். பெண் வீட்டைவிட்டுப் போகிறாள் என்பதிலேயே மோதல் இருக்கிறது.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் தம்பி வருகிறான். முந்தின நாள் சாயங்காலம் அக்கா கொடுத்தனுப்பிய செருப்பைத் தைத்து வாங்கி வருகிறான். அவ்வளவுதான், அப்புறம் அவனைக் காணோம். கதையில் எனக்கு உயிரோடு தெரிந்த வரி அது ஒன்றுதான். மறுநாள் காலையில் வாசலில் அந்தச் செருப்பு இல்லாததை அவன் எப்போது கவனிப்பான்? அம்மாவிடம் சொல்வானா? முழுக்கதையையும் அவன் கண்ணால் மட்டும் எழுதிப் பாருங்கள். அவனுக்குத் தெரியாதது எதுவும் கதையில் வரக்கூடாது. போலீஸ் ஸ்டேஷனுக்குள் அவனை விடமாட்டார்கள் என்றால் நமக்கும் வெளியே மரத்தடிதான்.

அவனுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவேயில்லை. எட்டு வயதுப் பையன் பார்ப்பது வேறு, பதினைந்து வயதுப் பையன் பார்ப்பது வேறு. அதை முடிவுசெய்துவிட்டு எழுதுங்கள். முடிந்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.