'தலா' என்றால் என்ன?

அன்புள்ள ஐயா,

நான் தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். பாடத்தில் வரும் கடினமான சொற்களைப் பலகையில் எழுதி, பொருளும் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். மறுவாரம் கேட்டால் பாதிப் பேருக்கு நினைவில்லை. ஆங்கிலச் சொல்லையே சொல்லிக்கொடுத்துவிட்டால் பின்னால் உதவுமே என்கிறார்கள் சக ஆசிரியர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நான் நாலாவது படிக்கும்போது "5 பேருக்குத் தலா 3 மாம்பழம் கொடுத்தால் மொத்தம் எத்தனை?" என்று ஒரு கணக்கு வந்தது. 8 என்று எழுதி அடி வாங்கினேன். மூன்றாம் வாய்ப்பாடு எனக்குத் தலைகீழாகத் தெரியும். 'தலா'தான் தெரியாது. எங்கள் வீட்டில் 'ஆளுக்கு மூணு' என்றுதான் சொல்வார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

உங்கள் பட்டியலில் 'ஒளிச்சேர்க்கை' இருக்கும், 'தலா' இருக்காது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் என்ற கல்வி ஆய்வாளர்கள் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். வீட்டிலேயே வந்துவிடும் சொற்கள் முதல் அடுக்கு. ஒரு பாடத்துக்கே உரிய கலைச்சொற்கள் மூன்றாவது. எல்லாப் பாடத்திலும் வருகிற, ஆனால் வீட்டில் யாரும் பேசாத எழுத்துமொழிச் சொற்கள் நடு அடுக்கு. வகுப்பில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இந்த நடு அடுக்குக்குத்தான் என்றார்கள். 'ஒப்பிடுக', 'வகைப்படுத்துக', 'காரணம் கூறுக' எல்லாம் இதில் வரும். தவளையையும் மீனையும் ஒப்பிடச் சொன்னால் பிள்ளைகள் தவளையைப் பற்றி நாலு வரி, மீனைப் பற்றி நாலு வரி எழுதுவார்கள். அவர்களுக்குத் தவளையும் தெரியும், மீனும் தெரியும். "இரண்டுமே... ஆனால் தவளை மட்டும்..." என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துக் கொடுத்து, வாயால் முடிக்கச் சொல்லுங்கள். எழுதுவது அப்புறம்.

சரி, ஆங்கிலமா தமிழா? நான் தமிழ் என்றே சொல்வேன். பிள்ளை பிடித்து ஏற ஒரு கைப்பிடி தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'சுற்றளவு' சுற்றி வந்து அளப்பது, தோட்டத்துக்கு வேலி போட எவ்வளவு கம்பி வேண்டும் என்பது. 'பரப்பளவு' களத்தில் நெல்லைப் பரப்பினால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது. 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் உண்டாக்க ஒரு சங்கமே வைத்தார்கள். அன்றிலிருந்து எத்தனையோ பேர் உட்கார்ந்து செதுக்கிய சொற்களைப் பிரித்துக் காட்டாமல் மனப்பாடத்துக்குக் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிரித்துக் காட்டாவிட்டால் அதே கைப்பிடி தவறான இடத்துக்கும் இழுத்துப்போகும். 'தாவர உண்ணி' என்றதும் மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு மாட்டு மடியில் ஒட்டியிருக்கும் உண்ணிதான் ஞாபகம் வரும். உண்பது உண்ணி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மாட்டு உண்ணிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள், 'ரத்த உண்ணி' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பின்னத்தில் வரும் தொகுதியும் பகுதியும் இன்னும் சிக்கல். தொகுதி என்றால் தேர்தல், பகுதி என்றால் தெரு. ஒரு கடலைமிட்டாய் வில்லையை நாலாக உடையுங்கள். பகுத்தது 4, அது கோட்டுக்குக் கீழே, பகுதி. அதில் மூன்றை எடுத்துத் தொகுத்தால் 3, அது மேலே, தொகுதி. பகு, தொகு என்ற இரண்டு வினைகளும் கைக்கு வந்துவிட்டால் மேலா கீழா என்ற குழப்பம் வராது.

வாரத்துக்கு ஐந்தாறு சொல் போதும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில், பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டும். 'தலா'விலிருந்தே தொடங்குங்களேன். மதியம் சத்துணவு வரிசையில் முட்டை கொடுக்கும்போது, "ஆளுக்கு ஒன்று" என்பதற்குப் பதில் "தலா ஒன்று" என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்.