ஊர் நூலகத்தைச் சீரமைக்க அரசுப் பணம் கிடைக்குமா?

குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமம், பழைய நூலகக் கட்டடம், கொஞ்சம் பணம் திரட்ட முடியும் என்கிறீர்கள். அப்படியென்றால் 'நமக்கு நாமே' திட்டத்தைப் பாருங்கள். வேலைக்கு ஆகும் செலவு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்கள் தர வேண்டும். மீதியை அரசு போடும். 6 லட்ச ரூபாய் வேலைக்கு உங்கள் பங்கு 2 லட்சம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். பலருக்கு இது தெரிவதே இல்லை.

பணத்தை ஊரார்தான் போட வேண்டும் என்றில்லை. சிங்கப்பூரில் இருக்கும் உறவுக்காரர் தரலாம், நெய்வேலிப் பக்கத்து நிறுவனம் தரலாம். முதலில் கிராம சபையில் தீர்மானம் போட்டுவிடுங்கள்; கூட்டம் எப்போது என்று தேட வேண்டாம், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் உண்டு. அப்புறம் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மதிப்பீடு. அனுமதி ஆட்சியர் கையில்.